வீட்டு விளையாட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

2025-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஆறு நாட்கள் முன்னதாக, அக்டோபர் 14-ஆம் தேதியன்று, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான பராமரிப்பு முடிவுற்றது. அந்தப் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த தங்கை மகன், துணிமணிப் பைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, தன் கணினிப் பெட்டியை மாத்திரம் இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினான். உள்ளே இருந்தவை ஒரு ரைசன் 5 1600 பிராசஸரும் ஒரு ரேடியான் ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டும். இரண்டும் 2017 ஏப்ரல் மாதத்தில் சந்தைக்கு வந்தவை. அவன் விரும்பி ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இன்றைக்கும் சிரமமின்றி நடத்தக்கூடியவை. ஆயினும் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசஸர்களின் ஜாபிதாவில் அந்த முதல் தலைமுறை ரைசனுக்கு இடமில்லை. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு யந்திரத்தைப் பழைய சாமான் கடைக்கு அனுப்ப மனம் ஒப்பாமல், லினக்ஸுக்கு மாறிவிடுவது என்று அவனாகவே நிச்சயித்துக்கொண்டு வந்திருந்தான். என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “மாமா, எந்த டிஸ்ட்ரோ போட்டா எஃப்பிஎஸ் ஜாஸ்தி வரும்?”

எஃப்பிஎஸ் என்பது ஒரு விநாடிக்குள் திரையில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கை. ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லி அவனை அப்போதே திருப்தி செய்திருக்கலாம். ஆனால் விளையாட்டின் வேகம் யந்திரத்தின் எந்த இடத்தில் பிறக்கிறது, அதில் எவ்வளவு பங்கு டிஸ்ட்ரோவின் கையில் இருக்கிறது என்ற விஷயம் தெளிவானால், பெயரை அவனே கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. அன்று அவனுக்குச் சொன்னதையும், அதன் பிறகு நாங்கள் இருவரும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

லினக்ஸ் என்ற பெயர், கண்டிப்பாகச் சொன்னால், கெர்னல் எனப்படும் உட்கருவை மட்டுமே குறிக்கும். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை எழுதத் தொடங்கினார். பிராசஸர், நினைவகம், வட்டு, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றோடு நேரடியாகப் பேசும் அதிகாரம் அந்த உட்கருவுக்கே உண்டு. அதன்மேல் படம் வரையும் டிரைவர்கள், டெஸ்க்டாப், புதிய மென்பொருளைக் கொண்டுவந்து நிறுவும் கருவி முதலியவற்றைத் தேர்ந்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி இணைத்து, உபயோகிப்பவர் கையில் கொடுப்பதற்குத்தான் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ட்ரோ, தமிழில் வழங்கல் என்று பெயர். ஒரே கீர்த்தனையை வெவ்வேறு குருகுலத்தார் வெவ்வேறு பாடாந்தரத்தில் பாடினாலும் சாகித்தியம் ஒன்றாகவே இருப்பதைப் போல, டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச் என்று பெயர்கள் பலவானாலும் உள்ளே ஓடும் உட்கருவும் டிரைவர்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவைதாம். அவை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டன என்பதில்தான் முக்கியமான பேதம் இருக்கிறது. அந்தத் தேதியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கே வந்து சேர்வோம்.

கணினி விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. அவை லினக்ஸில் ஓடுவதை ஒருவகை துபாஷி வேலை என்று சொன்னால் தமிழர்க்கு எளிதில் விளங்கும். கம்பெனிக் காலத்துச் சென்னையில் துபாஷி என்பவர், வெள்ளைக்கார வியாபாரி சொல்வதைக் கேட்டு, உள்ளூர் நெசவாளிக்கு அவர் பாஷையில் சொல்லி, பதிலை மறுபடி வியாபாரியின் பாஷைக்குத் திருப்பிக் கொடுத்தார். அதற்காக அவர் வெள்ளைக்காரராக வேஷம் போட வேண்டியிருக்கவில்லை. 1993-இல் தொடங்கப்பட்ட வைன் என்ற மென்பொருளும் இவ்விதமானதே. விண்டோஸ் யந்திரம் ஒன்றைப் போலியாகச் சிருஷ்டித்து அதற்குள் விளையாட்டை ஓட்டுவது அதன் முறையன்று. “இந்தக் கோப்பைத் திற”, “இந்த ஒலியை எழுப்பு” என்று விளையாட்டு விண்டோஸ் பாஷையில் விடுக்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் அந்தக் கணத்திலேயே லினக்ஸ் பாஷைக்கு மாற்றிக் கொடுப்பதே அதன் முறை. அலெக்ஸாந்தர் ஜூலியார் 1994 முதல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தியும், முதல் முழுப் பதிப்பு வெளிவர 2008 ஜூன் வரை ஆயிற்று. பதினைந்து வருஷ உழைப்பு!

பேச்சை மொழிபெயர்ப்பது ஒருவாறு கைவந்தபோதிலும், சித்திரத்தை மொழிபெயர்ப்பது நெடுங்காலம் தொல்லையாகவே இருந்தது. விண்டோஸ் விளையாட்டுகள் டைரக்ட்3டி என்ற பாஷையில் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கட்டளையிடுகின்றன. அதை லினக்ஸில் இருந்த பழைய ஓப்பன்ஜிஎல் பாஷைக்கு மாற்றும்போது வேகம் பெரிதும் குறைந்தது. 2016 பிப்ரவரியில் க்ரோனோஸ் கூட்டமைப்பு வல்கன் என்ற புதிய பாஷையை வெளியிட்டது. கார்டின் நெருங்கிய பகுதிகள் வரை நேராகச் சென்று வேலை வாங்கக்கூடிய அந்தப் பாஷை, இத்தகைய மொழிபெயர்ப்புக்கென்றே வாய்த்தது போல் அமைந்தது. நியர்: ஆட்டோமேட்டா என்ற ஒரு விளையாட்டைத் தம் லினக்ஸ் கணினியில் ஆட வேண்டும் என்ற ஆசையால் பிலிப் ரெபோலே என்ற நிரலாளர், டைரக்ட்3டி 11-ஐ வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுத ஆரம்பித்தார். ஒரு தனிமனிதரின் விளையாட்டு ஆசையிலிருந்து இவ்வளவு பெரிய பொதுப் பிரயோஜனம் விளைந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அவருக்கு ஆதரவு தந்து, வைனையும் டிஎக்ஸ்விகேயையும் ஒன்றாக இணைத்து, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் வெளியிட்டது. அன்று முதல் லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டை ஆடுவது நிபுணர்களின் வித்தையாக இல்லாமல், ஒரு பொத்தானை அழுத்தும் காரியமாகிவிட்டது.

மருமகனின் கேள்விக்கு விடை ஒளிந்திருக்கும் இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம். ஸ்டீமின் வழியாகத் தொடங்கப்படும் விளையாட்டு, நீங்கள் நிறுவிய வழங்கலின் நடுவே சும்மா இறக்கிவிடப்படுவதில்லை. ஸ்டீம் அதற்கென்று ஒரு தனி அறையைக் கட்டி, அதற்குள் வைத்து ஓட்டுகிறது. அந்த அறையில் விளையாட்டுக்கு வேண்டிய நூலகக் கோப்புகள் முழுவதையும் ஸ்டீமே நிரப்பி வைக்கிறது. புரோட்டான் 8 முதற்கொண்டு அந்த அறை டெபியன் 11-இன் கோப்புகளைக் கொண்டு கட்டப்பட்டது. ஆகவே வெளியே உபுண்டு இருந்தாலும் ஆர்ச் இருந்தாலும், விளையாட்டின் கண்ணுக்குப் படுவது ஏறக்குறைய ஒரே அறைதான். இரண்டு பொருள்களை மாத்திரம் அந்த அறை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது: ஒன்று கெர்னல், மற்றொன்று கிராஃபிக்ஸ் டிரைவர். இவ்விரண்டையும் ஸ்டீம் தன் கையோடு கொண்டுவர முடியாது. அவை உங்கள் கார்டுக்கு ஏற்றவையாக உங்கள் வழங்கலிலிருந்தே வந்தாக வேண்டும். இதனால்தான், ஒரே கெர்னலும் ஒரே டிரைவரும் உள்ள இரண்டு வழங்கல்களில் ஒரே விளையாட்டை ஆடிப் பார்த்தால், எஃப்பிஎஸ் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் வருவதில்லை. கேஷிஓஎஸ் போன்ற வழங்கல்கள், புதிய பிராசஸர்களுக்கென்று தனியாகத் தொகுத்த கோப்புகளையும் திருத்தியமைத்த கெர்னலையும் அளிக்கின்றன என்பது உண்மை. அதனால் சிற்சில ஆட்டங்களில் சிறிது லாபம் உண்டு. அந்தச் சிறு லாபத்துக்காக மாத்திரம் ஒரு வழங்கலைத் தேர்ந்தெடுக்கலாகாது என்பது என் அபிப்பிராயம்.

அன்று அவன் கணினியில் நாங்கள் நிறுவியது, இரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை வெளியாகி, வெளியான பின் பெரிதாக மாறாமல் நிற்கும் நிதானமான வழங்கல் ஒன்று. ஆர்எக்ஸ் 580 எட்டு வயதான கார்டு. அதற்கு வேண்டிய ஏஎம்டிஜிபியு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பிரையன் பால் 1993-இல் தொடங்கிய மெசா என்ற திறந்த நூலகத் தொகுப்பு, படம் வரையும் மறு பாதியைக் கவனித்துக்கொள்கிறது. ஆதலால் தனியாக எந்த டிரைவரையும் தேடி நிறுவ வேண்டியிருக்கவில்லை. பென் டிரைவிலிருந்து நிறுவி முடிக்க அரைமணி நேரம். ஸ்டீமை நிறுவி, அமைப்பில் எல்லா விளையாட்டுகளுக்கும் புரோட்டானைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு கட்டத்தை டிக் செய்ய ஐந்து நிமிஷம். அன்றிரவு தெருவெல்லாம் சரவெடி வெடித்துக்கொண்டிருக்க, அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேறொரு உலகத்தில் இருந்தான்.

மூன்று மாதங்கள் கழித்து, பொங்கல் பணத்தையும் சேமிப்பையும் சேர்த்து, 2025 ஜூனில் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டை வாங்கிப் பழைய கார்டு இருந்த இடத்தில் செருகினான். கணினி உயிர்பெற்று எழுந்தது, திரையும் வந்தது. ஆனால் ஒரு ஜன்னலை மவுஸால் பிடித்து நகர்த்தினால், ஈரமான சுவரொட்டியை இழுப்பதுபோல் அது மெதுவாகப் பின்தொடர்ந்தது. விளையாட்டோ தொடங்கவே மறுத்தது. அவன் தொலைபேசியில் அழைத்தபோது குரல் கம்மியிருந்தது. “மாமா, கார்டு போயிடுச்சு போல.” டெர்மினலைத் திறந்து, திரையை வரைபவர் யார் என்று தெரிவிக்கும் கட்டளையைத் தட்டச் சொன்னேன். விடையில் ரேடியான் என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டை அடையாளம் காண முடியாதபோது, படங்களைப் பிராசஸரைக் கொண்டே ஒவ்வொரு புள்ளியாகக் கணக்கிட்டு வரையும் ஆபத்துதவி மென்பொருளின் பெயர் அது. கார்டில் ஒரு பழுதுமில்லை. அந்த வழங்கலின் கெர்னலும் மெசாவும் உறைந்த தேதி, அந்தக் கார்டு பிறந்த தேதிக்கு வெகு முந்தையது. தாம் உறைந்த பிறகு பிறந்த கார்டை அவை எவ்விதம் அறிந்திருக்க முடியும்?

முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன தேதி இதுதான். டெபியன் 12, 2023 ஜூனில் 6.1 கெர்னலோடு வெளியாயிற்று. அதற்கடுத்த டெபியன் 13, 2025 ஆகஸ்டில் 6.12 கெர்னலோடு வந்தது. இடைப்பட்ட இரண்டு வருஷங்களில் புதிய கார்டுகளின் ஒரு தலைமுறையே பிறந்துவிட்டது. சர்வர்களுக்கு இந்த உறைநிலை ஒரு பெரும் குணம். நேற்று ஓடியது இன்றும் நாளையும் அப்படியே ஓடும். உபுண்டுவின் நீண்ட காலப் பதிப்புகளும், அவற்றை ஆதாரமாகக் கொண்ட மின்ட்டும், இடையிடையே புதிய கெர்னலைச் சேர்த்துக்கொள்ளும் வசதியை அளிப்பதால், இந்தக் கஷ்டத்தை ஓரளவு குறைத்துக்கொள்கின்றன. ஃபெடோரா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிட்டு, நடுவிலும் கெர்னலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது. மூலத்தில் ஒன்று வெளியானால் சில நாட்களில் உங்கள் வட்டுக்கு வந்துவிடும், அதோடு அதன் பிழையும் வந்துவிடலாம். உங்கள் கார்டின் வயதைப் பார்த்து இவற்றுள் ஒன்றைத் தேர்வது முதல் காரியம். இரண்டு மூன்று வயதுக்கு மேற்பட்ட ஏஎம்டி அல்லது இன்டெல் கார்டு உள்ளவர்கள், மனத்துக்குப் பழகிய டெஸ்க்டாப்பை உத்தேசித்து மின்ட்டையே நிறுவிக்கொள்ளலாம். புத்தம்புதிய கார்டு வாங்கியவர்களுக்கு ஃபெடோராவின் கதியே பொருத்தம் என்பேன்.

தேதியால் கார்டு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ஒரு மென்பொருள் தன் நினைவகத்தை எத்தனை தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கெர்னலில் ஒரு வரம்பு உண்டு; அது வெகுகாலமாக 65,530 என்றே இருந்தது. அந்த எண் நிர்ணயிக்கப்பட்டபோது அவ்வளவு பகுதிகளைக் கேட்கும் மென்பொருள் ஒன்றை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இக்காலத்துப் பெரிய விளையாட்டுகளில் சில, அந்த வரம்பைத் தொட்டவுடன், காரணம் ஏதும் சொல்லாமல் அணைந்துவிடும். ஃபெடோரா 39-உம் உபுண்டு 24.04-உம் அதை 10,48,576 ஆக உயர்த்தின. பழைய பதிப்பில் இருப்பவர் ஒரு கோப்பில் ஒரே வரியைச் சேர்த்து இதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? விளையாடுவோரை நினைவில் வைத்து யாரோ ஒருவர் முன்கூட்டியே அதைச் செய்து வைத்திருப்பதுதான் ஒரு நல்ல வழங்கலின் லட்சணம்.

என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதன் முழு வேகத்தையும் தரும் டிரைவர் நிறுவனத்தாரிடமிருந்து தனியாக வருகிறது. கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த டிரைவரின் ஒரு பகுதியைப் புதிய கெர்னலுக்குப் பொருந்தும்படி மறுபடி தொகுத்தாக வேண்டும். செக்யூர் பூட் வசதி இயங்கும் கணினிகளில் அதற்கு நம்பிக்கைக் கையொப்பமும் இட வேண்டும். இந்தச் சடங்குகளில் ஒன்று தவறினாலும் கறுத்த திரைதான் எஞ்சும். 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்த மென்பொருளாக வெளியிட்டது நல்ல திருப்பமே. ஆனால் அது டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்திய கார்டுகளுக்கும் மட்டுமே உதவும். நம் ஊர்களில் இன்னும் ஏராளமாகப் புழங்கும் ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்கு 580 என்ற எண்ணுள்ள டிரைவர் தொடரே கடைசி. அவற்றை வைத்திருப்பவர்கள் சதா மாறிக்கொண்டிருக்கும் வழங்கலை விட்டு விலகி, அந்தத் தொடரை நெடுநாள் காப்பாற்றி வைக்கும் நிதானமான பதிப்பில் இருப்பதே க்ஷேமம். ஆக, புதிய ஏஎம்டிக்கு வேகமான கதியும் பழைய என்விடியாவுக்கு மெதுவான கதியும் என்று, முற்றிலும் எதிரான இரண்டு ஆலோசனைகளை ஒரே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, கெட்டுப்போனால் திரும்பி வரும் வழி. 2021 நவம்பரில், கனடாவில் கணினிக் காட்சிகளைத் தயாரிக்கும் லைனஸ் செபாஸ்டியன் என்பவர், பாப் ஓஎஸ் என்ற வழங்கலில் ஸ்டீமை நிறுவப் போனார். அந்த வேளையில் தொகுப்புகளின் சார்புகளில் நேர்ந்திருந்த ஒரு பொருத்தமின்மையால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் டெஸ்க்டாப்பையே நீக்கியாக வேண்டும் என்று கருவி கணக்கிட்டது, நீண்ட எச்சரிக்கையையும் காட்டிற்று, அவர் சம்மதம் தட்டச்சு செய்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. அவர்மீது குற்றம் சொல்லியவர் பலர். நான் அவர் பக்கம். விளையாட வந்தவர், நூற்றுக்கணக்கான தொகுப்புப் பெயர்களுக்கு நடுவே எது உயிர்நாடி என்று அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்தக் கருவியை எழுதுபவர்களும் அப்படியே கருதினார்கள் போலும். பின்னர் வந்த பதிப்பில் அவ்வளவு எளிதாக அதைச் செய்ய முடியாதபடி தடுத்துவிட்டார்கள்.

இதற்கு மூலத்திலேயே பரிகாரம் தேடுவது பிம்ப முறை. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. அதிலுள்ள ஸ்டீம்ஓஎஸ் 3 ஆர்ச்சை ஆதாரமாகக் கொண்டதாயினும், அமைப்பின் அடிப்பகுதி முழுவதும் ஒரே பிம்பமாகப் பூட்டப்பட்டிருக்கும். வட்டில் அந்தப் பிம்பத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு; ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல், அப்டேட் மற்றொன்றின்மேல் எழுதப்படும்; அடுத்த முறை கணினி அதிலிருந்து எழ முயலும்; எழ முடியாவிட்டால் பழைய பிம்பம் அப்படியே காத்திருக்கும். விளையாட்டுகளும் சொந்தக் கோப்புகளும் இவற்றுக்குப் புறம்பான தனியிடத்தில் இருப்பதால் அவற்றுக்கு ஒரு சேதமும் நேராது. இதே எண்ணத்தை ஃபெடோராவின் அடித்தளத்தில் சாதாரண மேஜைக் கணினிகளுக்குக் கொண்டுவந்திருப்பது பஜைட் என்ற வழங்கல். அடிப்பகுதியைத் தன் இஷ்டப்படி மாற்றியமைக்கும் சுதந்திரத்தை இம்முறையில் பெரும்பாலும் விட்டுக்கொடுக்க வேண்டும். கணினியைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு அது உண்மையான நஷ்டமே. மாலையில் ஒரு மணி நேரம் விளையாடக் கிடைத்தால் போதும் என்பவருக்கு அதைவிடச் சௌகரியமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

எந்த வழங்கலாலும் தீராத ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். பலர் கூடி ஆடும் போட்டி ஆட்டங்களில், ஏமாற்றுவோரைப் பிடிக்க ஆன்டி-சீட் என்ற காவல் மென்பொருள் இருக்கிறது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அந்த வழியைத் திறந்துவைப்பதா என்பதை ஒவ்வொரு விளையாட்டின் உரிமையாளரும் தனித்தனியே தீர்மானிக்கிறார். வேலரன்ட்டும் ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் ஓடா. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸையும் 2024 அக்டோபர் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். நண்பர்களோடு நாள்தோறும் இவற்றையே ஆடும் பிள்ளைக்கு லினக்ஸைச் சிபாரிசு செய்வது துரோகம். நிறுவுவதற்கு முன், ஆடும் ஆட்டங்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் விசாரித்துவிட வேண்டும்.

விண்டோஸில் இருந்த விளையாட்டு வட்டை அப்படியே லினக்ஸில் இணைத்து ஆடலாம் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பொய்யான சி டிரைவை உண்டாக்கும்போது, பெயரிலேயே முக்காற்புள்ளி உள்ள ஓர் இணைப்புக் கோப்பை எழுதுகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டு முறையில் அந்தக் குறி பெயருக்கு ஆகாதது. விளைவு, அடிக்கடி வட்டுப் பிழையும் தொடங்காத விளையாட்டும். வட்டை எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் முறைக்கு மாற்றி, விளையாட்டுகளை மறுபடி இறக்கிக்கொள்வதே உத்தமம்.

புதிய கார்டு வந்த அந்தச் சனிக்கிழமை, மருமகன் வீட்டுக்குப் போய், பழைய வழங்கலை எடுத்துவிட்டுப் பிம்ப முறையில் அமைந்த ஒன்றை நிறுவினோம். டெர்மினலில் அதே கட்டளையை அவனே தட்டினான். இம்முறை ரேடியான் என்ற பெயர் வந்தது. சில வாரங்களுக்குப் பின் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். ஓர் அப்டேட்டுக்குப் பிறகு டிவியில் சத்தம் வரவில்லையாம். மறுபடி ஆன் செய்து, தொடக்கத்தில் வரும் பட்டியலில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். போனைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன். கீபோர்டில் இரண்டு தட்டல்கள் கேட்டன. ஒரு நிமிஷம் மௌனம். பிறகு, போனின் வழியாகவே, அவனுடைய விளையாட்டின் தொடக்க இசை எனக்குக் கேட்டது.